புள்ளிக்குப் பின்னால் வரும் பணம்

காத்தான்குடியிலிருந்து புளியந்தீவுக்குப் போக எங்களுக்கு இரண்டு பாலங்கள். முதலில் கல்லடிப் பாலம், பிறகு கோட்டைமுனைப் பாலம். உயர்தரம் தொடங்கிய புதிதில் சனி, ஞாயிறு காலைகளில் நானும் என் தோழி ஒருத்தியும் அந்த இரண்டு பாலங்களையும் ஒன்றாகவே தாண்டுவோம். பஸ்ஸில் இடம் கிடைத்தால் அவள் மடியில் ரியூட் கட்டை விரித்துவிடுவாள். கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போது தொடங்கிய மூல் கணக்கைக் கோட்டைமுனைப் பாலம் வருவதற்குள் முடித்துவிடுவாள். நான் பாதி வழியில் நின்றுகொண்டிருப்பேன். "இங்க பாரு, அலகை வெட்டு, அலகை வெட்டினா விடை தானா வரும்" என்பாள். இரசாயனவியலில் இன்றுவரை எனக்கு நினைவிருப்பதில் பாதி அவள் பஸ்ஸில் சொல்லித் தந்தது.

இன்று நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்தில் படிக்கிறேன். மகாபொல கிடைக்கிறது. அவள் ஊரில் ஒரு பாலர் பாடசாலையில் கற்பிக்கிறாள். பாலர் பாடசாலையில் கற்பிப்பது குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவள் அதைத் தெரிந்தெடுக்கவில்லை. அதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். சஞ்சிகைக் குழுத் தங்கைகள், "ராத்தா, புலமைப்பரிசில் எடுக்கிறது எப்படி என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்கள். எப்படி எடுப்பது என்பதைச் சொல்கிறேன். அதோடு அது யாருக்கு, எப்போது வந்து சேருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த இஸட் புள்ளி. பெறுபேறு வந்த அன்று என் வாப்பா கேட்டார்: "என்ன மகள், இந்த ஒண்டு தசம் எண்டு கிடக்கே, இது நூத்துக்கு எத்தின?" அது நூற்றுக்கு அல்ல வாப்பா என்று விளக்க எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. தங்கைகளுக்கும் அதையே சொல்கிறேன். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரிப் புள்ளியைக் கழியுங்கள். வருவதை நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்தின் இஸட் புள்ளி கிடைக்கும். உதாரணமாக உயிரியலில் சராசரி 45, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 75 எடுத்தால் உங்கள் இஸட் புள்ளி 2. இரசாயனவியலில் சராசரி 40, நியம விலகல் 20. நீங்கள் 70 எடுத்தால் 1.5. பௌதிகவியலில் சராசரி 35, நியம விலகல் 20. நீங்கள் 65 எடுத்தால் மறுபடியும் 1.5. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.6667. இதுதான் நான்கு தசம தானத்துக்கு உங்கள் பெறுபேற்றுத் தாளில் வரும் இலக்கம். இந்த உதாரணத்தில் உயிரியலில் எடுத்த 75உம் இரசாயனத்தில் எடுத்த 70உம் ஐந்து புள்ளி வித்தியாசம்தான். ஆனால் உயிரியலில் எல்லோரும் சராசரிக்குப் பக்கத்தில் நெருக்கமாக நின்றதால், அந்த 75 உங்களைக் கூட்டத்திலிருந்து அதிக தூரம் தள்ளி நிறுத்துகிறது. கடினமான வினாத்தாள் வந்த பாடத்தை எடுத்தவர் நட்டப்படக் கூடாது, இலகுவான வினாத்தாள் வந்தவர் இலாபப்படக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

உயர்தரத்தில் நான்கு பாடங்கள் மூன்றாக மாறிய 2000ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து இந்த முறை பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படுகிறது. அது பிழைக்கவே பிழைக்காது என்றும் இல்லை. 2011இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதிய மாணவர்களை ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டதால் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012இல் நீதிமன்றம் அந்தக் கணக்கை நீக்கி இரண்டு தொகுதிக்கும் தனித்தனியாகக் கணக்கிடச் சொன்னது. இலக்கம் என்பதும் மனிதர் போட்ட கணக்குத்தான் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இஸட் புள்ளி வந்த பின்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களைப் பங்கிடுகிறது. பொதுவாக 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் மட்டக்களப்பும் ஒன்று, அம்பாறையும் ஒன்று. அனுமதி கிடைத்தவர்கள் மகாபொலவுக்கு விண்ணப்பிக்கலாம். லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது 1981இல் சட்டமாக்கப்பட்ட நிதியம் அது. அதில் திறமைப் பிரிவு என்றும் சாதாரண பிரிவு என்றும் இரண்டு. திறமைப் பிரிவை இஸட் புள்ளி தீர்மானிக்கிறது. சாதாரண பிரிவில் குடும்ப வருமானமும் பார்க்கப்படுகிறது. பல வருடங்களாகச் சாதாரண பிரிவுக்கு மாதம் 5,000 ரூபாயும் திறமைப் பிரிவுக்கு 5,050 ரூபாயும் இருந்தன. திறமையின் விலை மாதத்துக்கு ஐம்பது ரூபாய், ஒரு பிளேன்டீக்குச் சரி என்று விடுதியில் சொல்லிச் சிரிப்போம். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாய் 7,500 ஆக உயர்த்தப்பட்டது. பெரிய உதவி. என் விடுதிச் சாப்பாட்டில் பெரும்பங்கு அதிலிருந்துதான் போகிறது.

ஆகவே தங்கைகளே, புலமைப்பரிசில் எடுப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை இவ்வளவுதான்: மூன்று பாடத்திலும் சராசரியை விட்டுத் தூரமாகப் போங்கள். இனி, அந்தத் தூரத்தைப் போக யாருக்கு வாகனம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்ப்போம்.

நான் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் புளியந்தீவில் ரியூஷன் எடுத்தேன். எங்கள் பாடசாலை ஆசிரியைகள் குறை வைக்கவில்லை. ஆனால் கொரோனாவில் பாடசாலை மூடிக் கிடந்த மாதங்களும், பின்னர் எரிபொருள் இல்லாமல் மூடிய நாட்களும் சேர்ந்து பாடத்திட்டம் பாதியில் நின்றது. மூன்று பாடக் கட்டணம், ரியூட், போட்டோப் பிரதி, பஸ் காசு எல்லாம் சேர்த்து மாதத்துக்கு எட்டாயிரத்துக்குக் கிட்டப் போகும். இதில் பெண்பிள்ளைக்கு இன்னொரு செலவு உண்டு. பின்னேர வகுப்பு மஃரிபுக்குப் பிறகு விட்டால் நாங்கள் தனியே வர முடியாது. வாப்பாவோ சாச்சாவோ வர வேண்டும். எங்கள் பஸ் காசு எப்போதும் இரண்டு பேருடைய பஸ் காசு. அழைத்து வருகிறவர் அன்று பின்னேரம் உழைக்காமல் விட்ட காசு அதற்கு மேலே. ஆண்பிள்ளையின் கணக்கில் இந்த வரி இல்லை.

எங்கள் வீட்டில் இந்தச் செலவைத் தாங்கியவர் என் காக்கா. கட்டாரில் வேலை. மாதம் முதல் கிழமையில் பணம் வரும். உம்மா முதலில் என் ரியூஷன் காசை எடுத்து ஒரு கடித உறையில் போட்டுவிட்டுத்தான் அரிசிக்கு எடுப்பார். ஆகவே என் இஸட் புள்ளியில் ஒரு பங்கு என்னுடையது, ஒரு பங்கு என் ஆசிரியர்களுடையது, ஒரு பங்கு கட்டார் வெயிலில் நின்ற என் காக்காவுடையது. பெறுபேற்றுத் தாளில் என் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது.

தோழியின் வாப்பா கடற்தொழிலாளி. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் பூட்டிய சிறிய படகு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. அதற்கு முன்னரும் பல நாள் எண்ணெய் கிடைக்கவில்லை. கடலுக்குப் போனால் நட்டம், போகாவிட்டால் பட்டினி என்ற நிலை. அந்த மாதம் ஒரு சனிக்கிழமை அவள் பஸ் தரிப்பிடத்துக்கு வரவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. பாடசாலையில் கேட்டபோது, "வீட்ட இருந்தே படிக்கப் போறன் புள்ள, ரியூஷன்ல சொல்றத நீ வந்து சொல்லு" என்றாள். சில கிழமை நான் சொன்னேன். பிறகு என் பாடமே எனக்கு மலையாகிவிட்டது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எனக்கு இரசாயனம் சொல்லித் தந்தவளுக்கு நான் பௌதிகம் சொல்லிக் கொடுக்காமல் விட்டேன்.

2023ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடந்தது. மூன்று பாடத்திலும் அவள் சித்தி. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு அவளுடைய இஸட் புள்ளி போதவில்லை. எனக்கு மாவட்ட அடிப்படையில் அனுமதி கிடைத்தது. அனுமதி கிடைத்ததால் மகாபொலவும் கிடைத்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். மாதம் 7,500 ரூபாய் என்பது அவள் ரியூஷனை விட்ட மாதத்தில் அவளுக்குத் தேவைப்பட்ட தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். அந்தப் பணம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, நிதியம் இருக்கிறது. ஆனால் அது பரீட்சையைத் தாண்டி வந்தவரிடம்தான் கையளிக்கப்படுகிறது. தாண்டுவதற்குத் தேவையான பணம் தாண்டிய பிறகு வருகிறது. ஏழைப் பிள்ளைக்கு உதவத் தொடங்கிய திட்டம் அந்த ஏழைப் பிள்ளை பாதி வழியில் நின்றுவிட்ட பிறகு, அவளுக்கு முன்னால் போன இன்னொரு பிள்ளையைத் தேடிப் போகிறது. அந்த இன்னொரு பிள்ளை நான்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மை. அதில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதந்தோறும் ஒரு தொகை வரும். பல வருடம் அது 750 ரூபாய். 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ஆனது. ஆனால் அந்தத் தீர்ப்பு பத்து வயதில் எழுதப்படுகிறது. தோழி அந்த வயதில் மூன்று புள்ளியால் தவறவிட்டாள். அதோடு அந்தக் கதவு மூடிவிட்டது. மூன்று புள்ளி எவ்வளவு பெரியது என்பதை 2024இல் முழு நாடும் பார்த்தது. செப்டெம்பர் 15ஆம் திகதி நடந்த ஐந்தாந் தரப் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்னரே வெளியாகியிருந்தன. பெற்றோர் வீதிக்கு வந்தார்கள். விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்கப்பட்ட பின்னர்தான் பெறுபேறு வெளியானது. பத்து வயதுப் பிள்ளைகளின் மூன்று வினாக்களுக்காக நாடே இவ்வளவு பதறியது. ஆனால் வருடா வருடம் பதினாறு, பதினேழு வயதில் ரியூஷனை விட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைக்காக யாரும் வழக்குப் போடுவதில்லை. அவள் விட்டது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

புலமைப்பரிசில் என்ற சொல் எங்கள் நாட்டில் எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் இந்தத் தலைகீழ் இன்னும் தெளிவாகும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அத்தோடு கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய கிராமத்துப் பிள்ளையை அங்கே விடுதியில் சேர்த்து, உணவும் படுக்கையும் புத்தகமும் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். அன்று புலமைப்பரிசில் என்பது முன்பணம். 'நீ படித்து வருவாய் என்று நம்புகிறோம், அதற்கு வேண்டியதை இப்போதே பிடி' என்பதுதான் அதன் பொருள். இன்று அது படித்து முடித்தவருக்குக் கொடுக்கும் பரிசாக மாறிக்கொண்டு போகிறது. பரிசு நல்லதுதான். ஆனால் புலமைப்பரிசில் என்ற பெயரில் பரிசை மட்டும் கொடுத்தால் போதாது.

எங்கள் சமூகத்திலும் அந்தப் பழைய பொருளைப் புரிந்தவர்கள் இருந்தார்கள். ஏ. எம். ஏ. அஸீஸ் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம். இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். வந்த வேலை உணவு உற்பத்தி. கண்டது வறுமையில் படிப்பை விடும் பிள்ளைகளை. சுவாமி விபுலாநந்தரோடும் எங்கள் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் அவருக்கு நட்பு இருந்தது இந்தக் கரையில்தான். 1945இல், இலவசக் கல்வி தொடங்கிய அதே ஆண்டில், அவர் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். கட்டணம் இல்லாவிட்டால் மட்டும் கல்வி இலவசமாகிவிடாது, ஏழைப் பிள்ளைக்கு வேறு செலவுகளும் உண்டு என்று அன்றே கண்டிருக்கிறார். எண்பது வருடம் கழிந்தும் எங்கள் பஸ் காசுக் கணக்கு அதையே சொல்கிறது.

இங்கே ஒரு விடயத்தைப் பேசாமல் போக முடியாது. புள்ளியைத் தரப்படுத்துவது என்றால் தமிழ் பேசும் மக்களுக்கு அது வெறும் கணிதம் அல்ல. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகப் புள்ளிகளைத் தரப்படுத்தியபோது, தமிழ்மொழி மூல மாணவர் ஒரே பீடத்துக்குக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காயம் பிறகு எங்கே போய் முடிந்தது என்று இந்த மண்ணில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தபோது யாழ்ப்பாணம் இழந்தது, மட்டக்களப்பு, மன்னார் போன்ற மாவட்டங்கள் சில இடங்களைப் பெற்றன. கிழக்கின் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அதில் வழி திறந்தது. ஒரே முறை ஒருவருக்கு அநீதியாகவும் இன்னொருவருக்கு வாய்ப்பாகவும் இருந்ததை நாங்கள் இரண்டு பக்கமும் நின்று பார்க்க வேண்டும். பேராதனையில் ஒரு மாணவி என்னிடம், "உங்களுக்கென்ன, பின்தங்கிய மாவட்டம், குறைந்த புள்ளியில் வந்துவிடலாம்" என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இரவு படுக்கையில் யோசித்தபோது கோபத்தின் காரணம் மாறியது. நான் மட்டக்களப்பு மாவட்டத்தவள் என்பதால் எனக்கு ஒரு சலுகை. ஆனால் மாவட்டத்துக்குள்ளே நான் பின்தங்கியவளா?

எங்கள் மாவட்டத்தை வாவி இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. புளியந்தீவில் 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி இருக்கிறது, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி இருக்கிறது, பெயர் பெற்ற ரியூஷன் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தீவு பஸ்ஸில் அரை மணித்தியாலம். படுவான்கரையின் உட்கிராமத்துப் பிள்ளைக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலையே தூரம். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை தோணியையும் பாதையையும் நம்பித்தான் வாவியைக் கடந்தார்கள். ஆனால் வெட்டுப்புள்ளி அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் ஒன்றே. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை மாவட்டப் பங்கீடு காண்கிறது. வாவியின் இரண்டு கரைக்கும் இடையிலுள்ள தூரத்தை அது காண்பதில்லை. ஒரே தெருவில் கட்டாரில் பிள்ளை இருக்கும் வீட்டுக்கும் கரையில் படகு கிடக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அது காணவே காணாது.

காணக்கூடிய முறை இல்லாமலும் இல்லை. எங்களுக்குப் பின் வந்த தொகுதிக்கு ஜனாதிபதி நிதியம் ஒரு புலமைப்பரிசில் தொடங்கியது. சாதாரண தரத்தில் சித்தியடைந்து உயர்தரம் படிக்கும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளில் ஒவ்வொரு கல்வி வலயத்திலிருந்தும் 30 பேர். மாதம் 5,000 ரூபாய்ப்படி 24 மாதம் வரை. எங்கள் மாவட்டத்தில் ஐந்து வலயங்கள்: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு. ஆகவே மேற்கு வலயத்துப் பிள்ளை புளியந்தீவுப் பிள்ளையோடு மோதத் தேவையில்லை. காத்தான்குடிப் பிள்ளை தன் வலயத்துப் பிள்ளைகளோடு மட்டும் நிற்கிறாள். பணமும் பரீட்சைக்கு முன்னால் வருகிறது. குறை ஒன்றுதான்: ஒரு வலயத்துக்கு முப்பது பேர் என்பது போதாது. இந்த முறையை விரிவாக்குங்கள் என்றுதான் நாங்கள் கேட்க வேண்டும். மகாபொலவை இன்னும் கூட்டுங்கள் என்ற கோரிக்கைக்கு மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. உயர்தர மாணவிக்குக் கொடுங்கள் என்று கேட்கச் சங்கம் இல்லை. அவளுக்கு வாக்கும் இல்லை.

ஒரு மறுப்பையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பரீட்சையை நான் குறை சொல்லவில்லை. சிபாரிசுக் கடிதம், தெரிந்த ஆள், அரசியல்வாதியின் தொலைபேசி எல்லாம் ஓடும் நாட்டில் ஏழை வீட்டுப் பிள்ளை நம்பக்கூடியது அந்தச் சுட்டெண் எழுதிய விடைத்தாள் ஒன்றைத்தான். திருத்துபவருக்கு என் வாப்பாவின் பெயர் தெரியாது. அதை விட்டால் எங்களுக்கு வேறு பாதுகாப்பு இல்லை. ரியூஷன் இல்லாமலே மாவட்டத்தில் முதலாம் இடம் எடுத்த பிள்ளைகளும் உண்டு. பத்திரிகையில் அவர்களுடைய படத்தைப் பார்க்கும்போது நாங்கள் எல்லோரும் மகிழ்கிறோம். ஆனால் அந்த ஒரு படத்தைக் காட்டி, "பார், முயன்றால் முடியும்" என்று மற்ற எல்லோரையும் வாயடைக்கக் கூடாது. முயற்சி இல்லாததால் என் தோழி நின்றாள் என்று யாராவது சொன்னால் அவர் அவளோடு ஒரு நாள் அந்தப் பஸ்ஸில் போயிருக்க மாட்டார். நான் கேட்பது பரீட்சையை மாற்ற அல்ல. பரீட்சை மண்டபத்தின் வாசல் வரை எல்லாரும் வந்து சேர வழி செய்யுங்கள் என்பதுதான்.

அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்க வேண்டுமா? எங்கள் கல்லூரிக்குப் பழைய மாணவிகள் இருக்கிறார்கள். ஊரில் ஸகாத் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் பெறுபேறு வந்ததும் சித்தியடைந்தவர்களுக்குப் பொன்னாடையும் கேடயமும் பாராட்டு விழாவும் நடக்கின்றன. நானும் ஒரு கேடயம் வாங்கினேன், அது வீட்டில் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அந்த விழாச் செலவில் ஒரு பங்கை இரண்டு வருடம் முன்னால் நகர்த்த முடியாதா?

என் யோசனை சிறியது. மகாபொல பெறும் எங்கள் பழைய மாணவிகள் வருடத்துக்கு ஒரு மாதத் தவணையைக் கொடுப்போம். முப்பது பேர் கொடுத்தால் 225,000 ரூபாய். மாதம் 3,000 ரூபாய் வீதம் ஆறு மாணவிகளுக்கு ஒரு வருடம் முழுவதும் கொடுக்க அது போதும். ரியூஷன் முழுவதையும் அது தாங்காது. ஆனால் பஸ் காசையும் ரியூட் காசையும் தாங்கும். பல வீடுகளில் பிள்ளையை நிறுத்துவது அந்தக் கடைசி மூவாயிரம்தான். பணம் சாதாரண தரப் பெறுபேறு வந்த மாதத்திலேயே தொடங்க வேண்டும். ஏனென்றால் விஞ்ஞானமா கலையா என்று வீட்டில் முடிவெடுப்பது அந்த மாதத்தில்தான். அதிகப் புள்ளி எடுத்தவர் யார் என்று மட்டும் பார்க்காமல், யார் நிற்கப் போகிறாள் என்று வகுப்பாசிரியையிடம் கேட்டுத் தெரிவு செய்ய வேண்டும். பெயரை எந்த மேடையிலும் வாசிக்கக் கூடாது. உதவி வாங்குகிறாள் என்று பக்கத்து மேசைக்குத் தெரிந்தால் எங்கள் பிள்ளைகள் வாங்காமலே நின்றுவிடுவார்கள். கடித உறையில் போட்டு உம்மாவின் கையில் கொடுத்தால் போதும்.

இன்னொன்று, காசில்லாமல் செய்யக்கூடியது. விடுமுறைக்கு ஊருக்கு வரும் நாங்கள் ஒவ்வொருவரும் பாடசாலையிலேயே பின்னேரம் ஒரு பாடம் எடுப்போம். அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முன்னால் முடித்தால் யாரும் பிள்ளையை அழைத்து வரப் பஸ் ஏறத் தேவையில்லை. இரண்டு பாலமும் தாண்டத் தேவையில்லை. நான் பௌதிகம் எடுக்கிறேன். ஒருத்திக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்ட பாடம் அது.

போன விடுமுறையில் தோழியின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய வாப்பா திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். "வா மகள், எப்ப வந்த? கண்டிப் பக்கம் குளிராமே" என்றார். உள்ளே அவள் தன் தங்கைக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தங்கை பதினோராம் தரம், இந்த முறை சாதாரண தரம் எழுதுகிறாள். "உயர்தரத்துக்கு என்ன எடுக்கப் போற?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். அவள் ராத்தாவின் முகத்தைப் பார்த்தாள். ராத்தா திண்ணைப் பக்கம் பார்த்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு தோழி கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, "அலகை வெட்டு" என்று தங்கைக்குச் சொன்னாள்.

முதல் தவணையாக என் ஒரு மாத மகாபொலவைக் கல்லூரியில் கொடுத்துவிட்டுத்தான் நான் பேராதனைக்குத் திரும்பினேன். மிச்சம் இருபத்தொன்பது பேர் வேண்டும். அந்தப் பிள்ளையின் பெறுபேறு வருவதற்கு முன்னால் வேண்டும்.

— பழைய மாணவி ஒருத்தி